சயான் வேறு, சேயோன் வேறு

அந்தக் காணொளியை நேற்று முழுவதும் பகிர்ந்துகொண்டிருந்தீர்கள். வழித்தோன்றலைக் குறிக்கும் ‘சயான்’ (scion) என்ற ஆங்கிலச் சொல் நம் ‘சேய்’, ‘சேயோன்’ என்பவற்றிலிருந்து போனதாக மேடையில் ஒருவர் முழங்க, அரங்கமே கைதட்டுகிறது. சான்று கேட்ட எனக்குக் கிடைத்த பட்டம் ‘தமிழ்த் துரோகி’.

ஆங்கிலத்தில் சயான் முதலில் பிள்ளையைக் குறிக்கவில்லை, குச்சியைத்தான் குறித்தது. பழைய பிரெஞ்சில் ‘சியோன்’ என வழங்கிய சொல் 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது, தளிர், ஒட்டுக் கட்ட நறுக்கிய சிறு கிளை என்பதே அதன் பொருள். குடும்பத்தை மரமாகக் காணும் வழக்கத்தால், வழித்தோன்றல் என்ற பொருள் ஆங்கிலத்தில் நிலைபெற்றது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். பிரெஞ்சுக்கு முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்களுக்கு உறுதியில்லை. ஜெர்மானிய மூலமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. உறுதியில்லை என்பதாலேயே அந்த இடம் நமக்குப் பட்டா ஆகிவிடாது.

என் தாத்தா மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர். பென்சில் பருமனுள்ள குச்சியை நறுக்கி, இலைகளைக் களைந்து, அடியை இருபுறமும் ஆப்பாகச் சீவி, நாட்டுக் கன்றின் பிளந்த தண்டில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். பள்ளிப்படிப்பைத் தாண்டாத அவர் அந்தக் குச்சியை ‘சயான்’ என்றும் கன்றை ‘வேர்ச்செடி’ என்றும் சொல்வார். அந்தப் பேச்சாளர் ஒரு நர்சரியில் விசாரித்திருந்தாலே குச்சி எது, பிள்ளை எது என்று தெரிந்திருக்கும்.

‘தமிழின் பெருமையைச் சொன்னால் உனக்கேன் எரிகிறது?’ என்பார்கள். பெருமை பேச உண்மையே போதும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குப் போனதை அகராதிகள் மறைக்கவில்லை. இஞ்சி பாலி மொழியில் ‘சிங்கிவேர’, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ என்றாகி, இலத்தீன் வழியே ‘ஜிஞ்சர்’ ஆன பாதை தெரிகிறது. சேயோனுக்கு அப்படி என்ன பாதை இருக்கிறது? ‘சேயோன் மேய மைவரை உலகமும்’ என்று தொல்காப்பியம் சொல்வது செந்நிற முருகனை. அங்கே வழித்தோன்றல் என்ற பொருளே இல்லை. ஒலி ஒத்திருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பேச்சாளர் கையில் எதுவும் இல்லை.

வெள்ளைக்காரர்கள் மறைத்துவிட்டார்கள் என்பது அடுத்த வாதம். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதிய எல்லிஸும், 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லும் யார்? வெள்ளைக்காரர்கள்தானே?

எனக்கு வலிப்பது இன்னொன்று. வழித்தோன்றலுக்கு நம்மிடம் ‘கான்முளை’ என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்கிறது, ‘குலக்கொழுந்து’ இருக்கிறது. குலத்தை மரமாகக் கண்ட அதே பார்வை நம்மிடமும் தானாகவே முளைத்திருக்கிறது. அந்தப் பேச்சாளரோ உரை முழுக்க, அரபு மூலமுள்ள ‘வாரிசு’ என்றே சொன்னார். எல்லோரையும் போல நானும் அந்தச் சொல்லைப் பேசுகிறேன், அது குற்றமில்லை. ஆனால் கான்முளையை ஒருமுறைகூட உச்சரிக்காதவருக்குத் தமிழ்ப்பற்று, சான்று கேட்ட எனக்குத் துரோகி என்ற பெயரா? தமிழைப் படிப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர்களையும் அந்தப் பின்னூட்டங்களில் அப்படித்தான் ஏசியிருக்கிறார்கள். எந்தக் கல்வெட்டில், எந்த ஓலையில், எந்தப் பழைய பிரெஞ்சு ஏட்டில் அந்தச் சான்று இருக்கிறது என்று அவர்களில் ஒருவராவது இங்கே எழுதட்டும்.