பழைய 911-க்கு வேகம் கூட்ட வேண்டுமா? கேம்ஷாஃப்டைக் கடைசியாக வாங்குங்கள்

காற்றில் குளிரும் பழைய போர்ஷே 911 கைக்கு வந்ததும் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: எந்த கேம் (வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்), எந்த பிஸ்டன், எந்த சிப் (என்ஜின் கம்ப்யூட்டரின் நிரல்) போட்டால் எத்தனை குதிரைத்திறன் ஏறும்? கேள்வியில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. 1978 முதல் 1983 வரை வந்த எஸ்சி ஆகட்டும், 1984 முதல் 1989 வரை வந்த கரேரா 3.2 ஆகட்டும், இன்று ஓடும் வண்டிகளில் பலவும் தொழிற்சாலையில் கொடுத்த சக்தியையே முழுதாகத் தருவதில்லை. ஐரோப்பாவுக்கான எஸ்சி 1981 முதல் 204 குதிரைத்திறன், ஐரோப்பிய 3.2-க்கு 231 குதிரைத்திறன். முதலில் அந்த எண்ணுக்குத் திரும்புங்கள். அதற்கு மேல் போவதை அப்புறம் பார்க்கலாம். இங்கே இந்த இரண்டு மாடல்களை மட்டும்தான் பேசுகிறேன். 1977 வரை வந்த மெக்னீசியம் கேஸ் 2.7 தனி விவகாரம். அதில் ஹெட் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டை என்ஜின் கேஸோடு பிடித்து நிறுத்தும் நீளக் கம்பி) கேஸிலிருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். அதைச் சரிசெய்யாமல் அந்த என்ஜினில் வேறு எதையும் தொடவே கூடாது.

வரிசை ஏன் முக்கியம்? இந்த என்ஜினில் நாம் கூட்டும் சக்தி ஒவ்வொன்றும் வெப்பமாகவும் கூடுகிறது. ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. ஃபேன் காற்றும் ஆயிலும்தான் அந்த வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அவை ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் வண்டியில் கம்ப்ரஷனைக் கூட்டினால் நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) வரும், பிஸ்டன் போகும். காசும் என்ஜினும் சேர்ந்தே போகும்.

சரி, முதல் வேலை அளப்பது. என்ஜின் சூடாக இருக்கும்போது ஆறு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து கம்ப்ரஷன் பாருங்கள். அதோடு லீக்டவுன் டெஸ்ட்டும் பாருங்கள், அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது. கம்ப்ரஷன் எண் நன்றாக வந்தும் லீக்டவுனில் மாட்டுகிற சிலிண்டர்கள் உண்டு. கசிவு 10 சதவீதத்தைத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு, ஆயில் டேங்க் மூடியில் சீறினால் ரிங். வால்வு கைடு தேய்வது இந்த இரண்டு மாடல்களிலும், முக்கியமாக 3.2-இல், தெரிந்த பலவீனம். ஆயில் குடிக்கிற என்ஜினை ட்யூன் செய்து பயனில்லை.

அடுத்து டேப்பட் செட்டிங், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி. இதைச் சொன்னால் சிலருக்குச் சப்பென்று இருக்கும், ஆனால் மிகக் குறைந்த செலவில் சக்தி திரும்பக் கிடைக்கும் இடம் இதுதான். என்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். இன்டேக், எக்சாஸ்ட் இரண்டுக்கும் 0.10 மி.மீ. புல்லியில் உள்ள இசட்1 குறியைக் கேஸின் இணைப்புக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் அதன் விளிம்பில் உள்ள வெட்டைக் காட்டினால் முதல் சிலிண்டர் தயார். அங்கிருந்து புல்லியைக் கடிகார முள் திசையில் 120 டிகிரி திருப்பினால் 6, பிறகு 2, 4, 3, 5. லாக்நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கொஞ்சம் கூடவே திரும்பும். அதனால் இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை மறுபடி விட்டுப் பார்க்காதவர் வேலையை முடிக்கவில்லை என்றே அர்த்தம். இடைவெளி குறைந்தால் எக்சாஸ்ட் வால்வு முழுதாக உட்காராமல் எரிந்துபோகும். கூடினால் சத்தமும் வரும், வால்வு திறக்கும் அளவும் குறையும்.

இதே வேலையில் ஒரு எச்சரிக்கை கிடைக்கும். கீழ்ப்பக்க வால்வு கவரைத் திறந்ததும் உள்ளே ஒரு நட்டும் வாஷரும் தனியாகக் கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் ஹெட் ஸ்டட் உடைந்திருக்கிறது. எஸ்சியில் கீழ் வரிசை ஸ்டட்கள் டிலாவார் என்ற உலோகக் கலவை. வருடக்கணக்கில் அரிப்பு ஏறி உடையும். உடைந்தால் என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. ட்யூனிங் ஆசையில் இருப்பவர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் கேம் வாங்கும் முன் தெரிவது எவ்வளவோ மேல்.

இப்போது எரிபொருள் பக்கம். எஸ்சியில் இருப்பது பாஷ் கே-ஜெட்ரானிக். உள்ளே போகும் காற்றை ஒரு தட்டு அளக்கிறது, அந்தத் தட்டு உயரும் அளவுக்குப் பெட்ரோல் போகிறது. தட்டுக்குப் பின்னால் எங்கே ஓட்டை இருந்தாலும் அளக்காத காற்று உள்ளே நுழையும், கலவை மெலியும், சூடு ஏறும், பிக்கப் சாகும். காற்றுப் பெட்டிக்கும் இன்டேக் குழாய்களுக்கும் நடுவே உள்ள ரப்பர்கள் இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் டேங்க் மூடியைத் திறங்கள். ஐடில் தடுமாற வேண்டும், சில வண்டிகளில் நின்றே போகும். ஒன்றுமே மாறவில்லை என்றால் ஏற்கெனவே வேறு எங்கோ காற்று நுழைகிறது. அதை அடைக்காமல் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகுவது நோயை மறைப்பது மட்டும்தான். சிஸ்டம் அழுத்தம் 4.5 முதல் 5.2 பார் வரை இருக்க வேண்டும். இதையும் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஊகத்தில் அல்ல. பேக்ஃபயர் ஆனால் காற்றுப் பெட்டி பிளந்துவிடும். அந்த அழுத்தத்தை வெளியே விடும் பாப்-ஆஃப் வால்வு போடாத எஸ்சி என்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

3.2-இல் இருப்பது மோட்ரானிக், பெட்ரோலையும் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) கம்ப்யூட்டரே தீர்மானிக்கும் முறை. சிப் விற்பவர்கள் சொல்வதைக் கேட்கும் முன் த்ராட்டிலில் உள்ள முழுத் திறப்பு ஸ்விட்சை மல்டிமீட்டரால் சோதியுங்கள். அது இணையவில்லை என்றால், பெடலைத் தரையோடு மிதித்தாலும் முழுச் சுமைக்கான பெட்ரோலும் டைமிங்கும் கிடைக்காது. சிலிண்டர் ஹெட் வெப்ப சென்சார் பழுதானால் சூடான என்ஜினையும் குளிர்ந்தது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும். சிப்பைப் பொறுத்தவரை, குறைந்த கம்ப்ரஷன் கொண்ட அமெரிக்க 207 குதிரைத்திறன் வண்டியில் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஐரோப்பிய வண்டியில் கம்ப்ரஷன் ஏற்கெனவே 10.3. நாக் சென்சார் 3.2-இல் கிடையாது, ஃபேன் சத்தத்தில் நாக்கிங் காதிலும் விழாது. டைமிங்கை முன்னே தள்ளும் சிப்பை அங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு மாடலுக்கும் பொதுவான ஒன்று: ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று த்ராட்டில் லீவரைப் பார்க்கட்டும். லீவரைக் கையால் இன்னும் கொஞ்சம் தள்ள முடிகிறதா? அவ்வளவு சக்தி வீணாகிறது. பின்னால் உள்ள இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்திருக்கும். சில்லறைச் செலவு.

குளிர்ச்சியில் யாரும் பார்க்காத இடங்கள் மூன்று. என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும், அவற்றுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் ரப்பர் பட்டையும் முதலாவது. பட்டை கிழிந்தால் கீழே உள்ள சூடான காற்றையே ஃபேன் மறுபடி இழுக்கும். அடுத்தது என்ஜின் மேலேயே உள்ள ஆயில் கூலரின் இடுக்குகள். ஆயிலும் தூசியும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருக்கும். மூன்றாவது ஃபேன் பெல்ட். நடுவில் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. வரை இறங்க வேண்டும், புல்லிக்குள் ஷிம் சேர்த்தும் எடுத்தும் அதைச் சரிசெய்யலாம். சில எஸ்சிகளில் முன் ஃபெண்டருக்குள் வெறும் வளைகுழாய்தான் கூலராக வந்தது. அதை எடுத்துவிட்டு ஃபின் உள்ள கூலர் போடுவது, எந்த என்ஜின் மாற்றத்துக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை. ஆயில் 90 முதல் 100 டிகிரியில் நின்றால் நிம்மதி. 120-ஐத் தொட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஆயில் அளவை என்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, சமதரையில்தான் பார்க்க வேண்டும். ஆறிய என்ஜினில் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று ஊற்றினால், மிஞ்சிய ஆயில் டேங்க்கின் மூச்சுக் குழாய் வழியாக இன்டேக்குக்குள் போய்ப் புகையாக வரும்.

இதெல்லாம் சரியான பிறகு வெளியில் கூட்டக்கூடிய முதல் பொருள் எக்சாஸ்ட். எஸ்சியில் ஹீட் எக்ஸ்சேஞ்சர்களிலிருந்து (எக்சாஸ்ட் சூட்டில் ஹீட்டருக்குக் காற்றைச் சூடாக்கும் உறைகள்) வரும் இரண்டு பக்கப் புகையும் சுற்றி வளைந்து ஒரே பாதையில் சைலன்சருக்குள் போகிறது. 1975-க்கு முந்தைய முறைப்படி, பக்கத்துக்கு ஒரு குழாயாக இரண்டு வாய் உள்ள சைலன்சருக்குப் போகும் அமைப்பை மாட்டினால் நடு ரெவ்விலிருந்தே வண்டி இழுக்கும். நேர்மையாகச் சொன்னால் இந்த என்ஜினைத் திறக்காமல் கிடைக்கும் உருப்படியான சக்தி இது ஒன்றுதான். ஆனால் ஆயில் குழாய்களின் பாதையையும் மாற்ற வேண்டும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. பெரிய ஆபத்து எக்சாஸ்ட் ஸ்டட். துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் ஹெட்டோடு சமமாக உடைந்து நிற்கும். முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், மறுநாள் நட்டை மட்டும் சூடாக்குங்கள், கால் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி, பொறுமையாக எடுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு வந்த வண்டியில் அதை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. 1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7, எடை குறைந்த வடிவில் 960 கிலோ, 210 குதிரைத்திறன். அதாவது டன்னுக்கு 219. எஸ்சி 1160 கிலோ, 204 குதிரைத்திறன், டன்னுக்கு 176. என்ஜினால் மட்டும் அந்த விகிதத்தை எட்ட 254 குதிரைத்திறன் தேவை. அதே வண்டியில் 50 கிலோ குறைத்தால் 9 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். வெப்பமும் கூடாது, பிரேக்கும் மிச்சம். ஏசி பயன்படுத்தாதவர் அதை முழுதாக எடுத்தால் இரட்டை லாபம். கம்ப்ரஸர் என்ஜின் மேல், பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் சுமை. என்ஜின் மூடியில் உள்ள கண்டென்சரோ ஃபேன் இழுக்கும் காற்றை முன்கூட்டியே சூடாக்குகிறது. தடித்த பம்பர் ஷாக்குகள், பின் சீட், சத்தத்தை அடக்க ஒட்டிய தார் விரிப்புகள் என்று மீதியைத் தேடிக்கொள்ளலாம்.

சஸ்பென்ஷனில் சுருக்கமாக: டயர் மேல் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள், ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர், வீல் அலைன்மென்ட், நான்கு மூலை எடைச் சமன், இதே வரிசையில். காரைத் தாழ்த்தினால் முன்னால் ஸ்டீயரிங் ரேக்குக்கு அடியில் ஸ்பேசர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும்.

கடைசியில் என்ஜினைத் திறக்கிறீர்கள் என்றால், எஸ்சிக்கு 98 மி.மீ. பிஸ்டன் போட்டால் 2994 சி.சி. 3186 ஆகும். கே-ஜெட்ரானிக் இருக்கும்வரை ஓவர்லாப் (இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கட்டம்) அதிகமுள்ள கேம் போடாதீர்கள். இன்டேக்கில் எழும் அதிர்வு அந்த அளவுத் தட்டை ஆட்டிவிடும், ஐடில் நிற்காது. அடுத்த தலைமுறை 911 ஆன 964-இன் கேம் அதற்கு ஒத்துப்போகும். காட்டமான கேம் வேண்டுமென்றால் கார்புரேட்டரோ புது இன்ஜெக்‌ஷனோ கூடவே வர வேண்டும், செலவை அப்படியே கணக்கிடுங்கள். உயர்ந்த முகடுள்ள பிஸ்டனோடு கம்ப்ரஷன் 10-ஐத் தாண்டினால் சிலிண்டருக்கு இரண்டு பிளக் போடுவதே பாதுகாப்பு. அந்த முகடு தீ பரவும் வழியை மறிக்கிறது. போர்ஷேவே 964-இல் 11.3 கம்ப்ரஷனுக்கு இரண்டு பிளக் வைத்தது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி இன்டேக்கில் 1.5, எக்சாஸ்டில் 2.0 மி.மீ. குறையாமல் இருப்பதை அளந்து உறுதிசெய்யுங்கள். 3.2-இன் கனெக்டிங் ராட் போல்ட் 9 மி.மீ.தான், ரெவ் கூட்டினால் முதலில் உடைவது அதுதான். திறந்த கையோடு மாற்றிவிடுங்கள். இந்தச் செலவெல்லாம் சேரும்போது 250 குதிரைத்திறன் தரும் 964-இன் 3.6 என்ஜினை அப்படியே மாட்டுவது பல நேரம் புத்திசாலித்தனம். ஆனால் அதன் 310 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை எஸ்சியில் உள்ள 915 கியர்பாக்ஸுக்குச் சுமை. அவசரமாகக் கியர் மாற்றினால் கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ சீக்கிரம் போகும்.

எந்த மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (சக்தியை அளக்கும் உருளை மேடை), ஒரே கியரில், ஆயில் 90 டிகிரிக்கு வந்த பிறகு ஓட்டி அளங்கள். அப்படி அளக்காத எண்ணை நம்பாதீர்கள். கூடவே எக்சாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, முழுத் த்ராட்டிலில் கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) 12.5-க்கும் 13-க்கும் இடையில் நிற்கிறதா பாருங்கள். 13.5-ஐத் தாண்டினால் உடனே பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஏர் லீக்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும் மறுபடி முதலிலிருந்து தேடுங்கள்.