காய்கறி வாங்கப் போகிற இடத்தில்தான் பழக்கம் வரும்

இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் வாதி நிஸ்னாஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அரபு மக்களின் பழைய குடியிருப்பு, நடுவில் காய்கறிச் சந்தை. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அவர்களுடைய கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். அதனால் மதக் கட்டுப்பாடு அதிகம் பார்க்காத யூதக் குடும்பங்கள் அன்று பையை எடுத்துக்கொண்டு இந்தச் சந்தைக்கு வருவது வெகுகாலப் பழக்கம்.

காசாவில் இத்தனை உயிர் போன பிறகு கத்தரிக்காய்ப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். போர் வந்தால் கோபம் முதலில் போய் விழுவது இந்த மாதிரிக் கடைக்காரர் மேல்தான். 2000 அக்டோபரில் இஸ்ரேல் போலீசோடு நடந்த மோதல்களில் 13 அரபுகள் இறந்த பிறகு, யூத வாடிக்கையாளர்கள் பலர் அரபு ஊர்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். வியாபாரம் போனதோடு முகம் பார்க்கிற பழக்கமும் போனது.

இஸ்ரேல் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபு. ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளி, பல இடங்களில் ஊரே தனி. மருத்துவமனையில் சந்திப்பார்கள், அதுவும் நோய் வந்தால்தான். சந்தைக்கு மட்டும்தான் வாராவாரம் போயாக வேண்டும்.

ஃப்ரீக்கே என்ற தானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோதுமைக் கதிரை நெருப்பில் வாட்டிக் கசக்கி எடுப்பது, புகை மணம் தூக்கலாக இருக்கும். முதல்முறை வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்காமல் சமைக்க முடியாது. கல் பொறுக்க வேண்டும், நாலு தண்ணீரில் அலச வேண்டும், அப்புறம் கோழிச் சாற்றில் வேகவிட வேண்டும். இப்படிக் கேட்டுச் சொல்லும்போது ஒருவர் வீட்டு அடுப்படி இன்னொருவருக்குத் தெரியவருகிறது.

பண்டிகையும் அப்படித்தான். பாஸ்கா வாரம் முழுக்க யூத வீடுகளில் புளித்த மாவு ரொட்டி கிடையாது. முடிந்த அன்று இரவே அரபு ரொட்டிக் கடைகளில் கூட்டம் நெரியும், கடைக்காரரும் அதற்குத் தயாராக இருப்பார். ஏழாண்டுக்கு ஒருமுறை யூதர்கள் தங்கள் நிலத்துக்கு ஓய்வு விடும் ஷ்மிதா ஆண்டு வரும். அப்போது கட்டுப்பாடான யூதர்களில் பலர் அரபு விவசாயிகள் விளைவித்த காய்களைத் தேடி வாங்குவார்கள். 2021 மே மாதம் யூதரும் அரபுகளும் தெருவில் அடித்துக்கொண்டார்கள். ஷ்மிதா தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில், அந்த அடிதடி நடந்த நாலே மாதத்தில்.

அந்தக் கலவரத்தில் அக்கோ நகரில் ஊரி ஜெரெமியாஸ் என்ற யூதரின் மீன் உணவகத்தை எரித்தார்கள். யூதரும் அரபுகளும் சேர்ந்து வேலை பார்த்த இடம் அது. அவர் ஊரை விட்டுப் போகவில்லை, மறுபடியும் திறந்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

ஆனால் வாங்குகிறவர் யூதர், மூட்டை தூக்குகிறவர் அரபு என்றே இருந்தால் அது அண்டை வீட்டு உறவு ஆகாது. யூதர்களின் மொழியான எபிரேயம் பேசாத அரபு வியாபாரி அங்கே அபூர்வம். அரபி பேசுகிற யூத வாடிக்கையாளரோ அதைவிட அபூர்வம். அடுத்தவர் மொழியைக் கற்கிற பாரத்தை ஒரு தரப்பே சுமப்பது நியாயமில்லை. யூதப் பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்பிலிருந்தே பேச்சு அரபி சொல்லித்தர வேண்டும். பெரியவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், தக்காளி விலையையாவது இந்தச் சனிக்கிழமையே அரபியில் கேட்கலாம்.