நான் 'ஓகே' போட்ட கம்பனி

போன கிழமை கல்லடிப் பாலத்தடியில் ஒரு தம்பி மறித்தார். வீட்டில் கேக் செய்து விற்கிறவர், நல்ல வியாபாரம். "அண்ணன், கம்பனி பதியப் போறன். கொழும்பில ஒரு ஏஜென்ட் எழுபத்தையாயிரம் கேக்கிறார். குடுக்கவா, இல்லாட்டி ஒன்லைன்ல நானே பதியவா?" என்றார். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? "எழுதிப் போடுறன், பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்காகத்தான் இந்தப் பதிவு. நீளம்தான். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பந்தியோடு போகலாம்: நீங்களே பதியுங்கள், ஏஜென்டுக்கு என்று எடுத்து வைத்த காசை ஒரு நல்ல கம்பனிச் செயலாளருக்கு, அதாவது கம்பனியின் சட்டப் பத்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, கொடுங்கள். ஏன் என்று கேட்பவர்கள் இருங்கள்.

2019இல் நானும் என்னோடு படித்த கூட்டாளி ஒருவனும் கஜு பொதி செய்து விற்கத் தொடங்கினோம். அவன் கையில் இயந்திரமும் ஓடித் திரியும் உடம்பும். என் கையில் கொஞ்சம் காசு. அறுபதுக்கு நாற்பது என்று தேத்தண்ணிக் கடையில் பேசி முடித்தோம். கொழும்பில் ஒரு கடைக்காரர் "கம்பனி பெயரில் பில் வேண்டும்" என்று கேட்க, யாரோ தந்த நம்பரில் ஒரு ஏஜென்டைப் பிடித்தோம். அடையாள அட்டைப் படமும் 55 ஆயிரமும் வட்ஸ்அப்பிலும் வங்கியிலுமாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. ரப்பர் முத்திரை, மினுங்குகிற பிளாஸ்டிக் ஃபைல், எல்லாம் வந்தன. அம்மா அந்தச் சான்றிதழைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து விபூதி பூசினா.

பதிவதற்கு முதல் நாள் இரவு அந்த ஏஜென்ட் ஒரு பிடிஎஃப் அனுப்பி, "பாத்து கன்ஃபோம் பண்ணுங்க" என்று எழுதியிருந்தார். நாற்பது பக்கம், எல்லாம் ஆங்கிலம். நான் திறக்கவேயில்லை. 'ஓகே' என்று ஒரு சொல், ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான்.

அந்த நாற்பது பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய வந்தது 2022இல். கூட்டாளி கட்டார் போக வெளிக்கிட்டான். சண்டை ஒன்றும் இல்லை, அந்த வருடம் யாருக்குத்தான் இங்கே இருக்க மனம் இருந்தது? அவனுடைய பங்கை நான் வாங்குவோம் என்று ஃபைலைப் பிரித்தால், நூறு பங்கில் ஐம்பது எனக்கு, ஐம்பது அவனுக்கு. அறுபது-நாற்பது எங்கே? தேத்தண்ணிக் கடையிலேயே நின்றுவிட்டது. ஏஜென்டிடம் அதை நாங்கள் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை, வழமையாகப் போடுவதைப் போட்டுவிட்டார். சாதாரணத் தீர்மானம் ஒன்றுக்குக்கூட பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். அமைப்பு விதிகளை, அதாவது கம்பனியை எப்படி நடத்துவது என்ற விதிகளை, மாற்றுவது போன்ற பெரிய காரியத்துக்கு விசேட தீர்மானம், அதற்கு 75 சதவீதம். ஐம்பதுக்கு ஐம்பது என்றால் ஒருவன் கட்டாரில் வேலை முடிந்து ஃபோனை எடுக்கும்வரை மற்றவன் சும்மா இருக்க வேண்டியதுதான்.

இன்னும் கேளுங்கள். கம்பனியின் பதிவு முகவரி கொழும்பில் அந்த ஏஜென்டின் அலுவலகம். நாங்கள் இருப்பது மட்டக்களப்பில். இறைவரித் திணைக்களம் அனுப்பிய கடிதம், கம்பனிப் பதிவாளர் திணைக்களம் அனுப்பிய கடிதம், எல்லாம் அங்கேதான் போயின. பதிவாளரின் இணையத்தளத்தில் எங்கள் கணக்கு அவருடைய ஈமெயிலில், ஓடிபி அவருடைய ஃபோனுக்கு. வருடாந்த அறிக்கை மூன்று வருடமாகப் போகவில்லை. கேட்டால், "நீங்க செக்கிரட்டரி ஃபீஸ் கட்டல்லையே" என்றார். உண்மைதான், கட்டவில்லை. அப்படி ஒன்று வருடா வருடம் கட்ட வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. அந்த நாற்பது பக்கத்தோடு வந்த கட்டணத் தாளில் அது இருந்ததாம். மனிதர் களவெடுக்கவில்லை. நான் வாசிக்கவில்லை. ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான், அதை மறைத்து எழுத எனக்கு வராது.

இரவு பஸ் பிடித்து, காலையில் மருதானைப் பக்கம் இறங்கி, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பதிவாளர் திணைக்களத்துக்கு இரண்டு முறை போய் வந்தேன். முகவரி மாற்றப் படிவம் 13, பணிப்பாளர் மாற்றத்துக்குப் படிவம் 20, விடுபட்ட வருடாந்த அறிக்கைகளுக்கு வருடத்துக்கு ஒரு படிவம் 15, பிந்தியதற்கான காசு வேறு. 55 ஆயிரத்தைவிட அதிகம் போனது.

சரி, அடுத்த கதை.

2024இல் இரண்டாவது கம்பனி. இந்தமுறை நானே பதிவது என்று பிடிவாதம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த மருமகள் உதவிக்கு இருந்தாள். பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் என் பெயரில், என் ஈமெயிலில், என் ஃபோன் நம்பரில் கணக்குத் திறந்தோம். முதலில் பெயர். வேறொரு கம்பனியின் பெயரோடு ஒத்துப் போகக்கூடாது, அரசாங்கத்தோடு தொடர்பு இருப்பதுபோலக் காட்டுகிற சொற்களும் சுலபத்தில் விடமாட்டார்கள். எங்களுக்கு இரண்டு பெயர் திரும்பி வந்தன. தமிழில் அழகாக இருக்கிற பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டில் நடந்த சண்டை தனி. 'தேன்' என்பதை எப்படி எழுதினாலும் 'தென்' என்றுதான் வாசிக்கிறார்கள்.

பெயர் கிடைத்த பிறகு படிவம் 1. அது கம்பனியைப் பதிவதற்கான விண்ணப்பம். படிவம் 18, பணிப்பாளராக இருக்கச் சம்மதம். படிவம் 19, செயலாளராக இருக்கச் சம்மதம். இவற்றோடு அமைப்பு விதிகள். நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்து வைத்து, ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். ஸ்கேன் மங்கல் என்று ஒருமுறை திரும்பியது. அடையாள அட்டையில் முழுப்பெயர், நான் எழுதியது முதலெழுத்தோடு, அதற்காக ஒருமுறை திரும்பியது. மூன்று கிழமை ஆனது. ஏஜென்ட் ஒன்பது நாளில் முடித்தார், ஒத்துக்கொள்கிறேன். அரசக் கட்டணம் அந்த 55 ஆயிரத்தில் ஒரு சின்னப் பங்குதான்.

இங்கேதான் 'நீங்களே பதியலாம்' என்று சொல்கிறவர்கள் விடுகிற இடம் வருகிறது. படிவம் 19இல் யார் கையெழுத்து வைப்பது? 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, ஒரேயொரு பங்குதாரர் மட்டும் வைத்து ஒரு தனியார் கம்பனி தொடங்கலாம், ஒரேயொரு பணிப்பாளர் போதும். ஆனால் செயலாளர் இல்லாமல் கம்பனி இல்லை. மிகச் சின்னக் கம்பனி அல்லாவிட்டால் அவருக்கு அதற்கென்று தகுதியும் வேண்டும், என்னிடம் இல்லை, கேக் தம்பியிடமும் இருக்காது. லண்டனில் இருக்கிற மச்சான், "நான் ஃபோன்லயே ஒரு பின்னேரத்துக்குள்ள பதிஞ்சன், நீங்க என்ன பெரிசாக் கஷ்டப்படுறீங்க" என்கிறார். அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே தனியார் கம்பனிக்குச் செயலாளர் கட்டாயம் இல்லை என்று 2008இலேயே ஆக்கிவிட்டார்கள். 2024 மே வரைக்கும் ஒன்லைனில் பதிய 12 பவுண்தான் எடுத்தார்கள், பிறகுதான் 50 ஆக்கினார்கள். யூடியூபில் வருகிற ஆலோசனையில் பாதி அந்த ஊர்க் கதை, மற்றப் பாதி இந்தியக் கதை. அதைப் பார்த்துவிட்டு இங்கே படிவம் நிரப்பாதீர்கள்.

ஆக, ஏஜென்ட் என்று நாங்கள் சொல்கிறவர் பெரும்பாலும் செயலாளர் சேவையை விற்கிறவர்தான். பதிவு அவருக்கு ஒரு வாசல். அதில் தப்பில்லை. ஆனால் அவரைப் பதிகிற கூலியாள் என்று நினைத்துப் போகிறோம், அவரும் அப்படியே நினைக்க விடுகிறார்.

எங்கள் பக்கம் செயலாளர்கள் குறைவு. நான் விசாரித்துப் போனது கல்முனையில் இருக்கிற ஒருவரிடம். ஓய்வுபெற்றவர், வீட்டு முன் விறாந்தையில் ஒரு மேசை, மேசையில் பைல்கள், பைல்களுக்கு மேல் பூனை. எல்லாரும் அவரை சேர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் படிவம் 19ஐ நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"முதல்ல இருங்க தம்பி. எத்தின பேர் பங்குக்காரர்?"

"நானும் வைஃபும் சேர்."

"உங்கள்ல ஒராள் மௌத்தாகினா பங்கு ஆருக்குப் போகும்?"

எனக்குப் பதில் இல்லை.

"நாளைக்கு உங்கட மச்சான் வந்து நானும் சேருறன் எண்டா, பங்கு எந்த விலைக்கு? வங்கிக் கணக்கில ஒரு கையெழுத்தா ரெண்டா? வெளிநாட்டில இருந்து ஆராவது காசு போடுறாங்களா?"

சுவிஸ் தங்கச்சி கொஞ்சம் போடுவதாகச் சொன்னாள் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே பங்கு வாங்குவதென்றால் காசு சும்மா என் சேமிப்புக் கணக்குக்கு வரக்கூடாது, அதற்கென்று இருக்கிற உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரவேண்டும், இல்லாவிட்டால் பிறகு அந்தக் காசைத் திருப்பி அனுப்புவது பெரும் பாடு என்று விளக்கினார். பிறகு, சட்டத்தின் முதலாவது அட்டவணையிலேயே மாதிரி அமைப்பு விதிகள் இருக்கின்றன, வேறொன்றும் கொடுக்காவிட்டால் அவைதான் செல்லும் என்று சொல்லி, அவற்றில் எங்களுக்கு மாற்ற வேண்டிய மூன்று இடத்தை மட்டும் பென்சிலால் கோடு போட்டார். என் பழைய கம்பனியின் நாற்பது பக்கத்தைக் காட்டினேன். நோக்கங்கள் என்ற தலைப்பில் ஹோட்டல், வீடு கட்டுதல், இரத்தினக்கல் ஏற்றுமதி எல்லாம் இருந்தன. கஜு இல்லை. சேர் சிரித்தார். அப்படி ஒரு பட்டியல் போட வேண்டிய கட்டாயமே இப்போது இல்லையாம். ஒன்றரை மணித்தியாலம் போனது. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன், கையெழுத்துக்கு அல்ல. அவருடைய வருடக் கட்டணத்தை இப்போது தைப்பொங்கலுக்கு முதல் கட்டிவிடுகிறேன்.

இனி, கேக் தம்பிக்கு எரிச்சல் வரக்கூடிய பகுதி. உங்களுக்குக் கம்பனி எதற்கு?

கேட்டால் எல்லாரும் சொல்வது, "கடன் வந்தா வீடு வளவு தப்பும்" என்று. சட்டப் புத்தகத்தில் அப்படித்தான். ஆனால் கம்பனி பெயரில் கடன் கேட்டு வங்கிக்குப் போய்ப் பாருங்கள். பணிப்பாளர்கள் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதிக் கொடுங்கள் என்பார்கள். கொடுத்த பிறகு அந்தக் கடனுக்கு உங்கள் வளவும்தான் பொறுப்பு. சரக்குத் தந்தவர், வாடகைக்குத் தந்தவர் மட்டில் பாதுகாப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

வரியைப் பாருங்கள். வருடத்துக்கு 24 இலட்சம் இலாபம் என்று வைப்போம், வேறு வருமானம் இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்து தனி ஆளாகச் செய்தால், 2025 ஏப்ரலில் இருந்து முதல் 18 இலட்சத்துக்கு வரி இல்லை. மிச்சம் 6 இலட்சத்துக்கு 6 சதவீதம், 36 ஆயிரம் ரூபா. அதே இலாபம் கம்பனிக்கு என்றால் முதல் ரூபாவில் இருந்தே 30 சதவீதம், 7 இலட்சத்து 20 ஆயிரம். மீதியைப் பங்கிலாபமாகக் கைக்கு எடுத்தால் அதிலும் 15 சதவீதம். உங்களுக்கே சம்பளம் போட்டுக் கம்பனியின் இலாபத்தைக் குறைக்கலாம், கணக்காளர்கள் அதைத்தான் சொல்வார்கள். அப்போது ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8, கம்பனியின் பங்கு 12, நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம், மாதா மாதம் படிவம். இதற்கு மேல் வருடம் ஒரு ஓடிட்டர். கம்பனி சின்னது என்று அவரை விட்டுவிட முடியாது.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஏன் இரண்டாவது கம்பனி பதிந்தேன் என்று கேட்கலாம். என்னுடைய இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் கம்பனி அல்லாதவரிடம் கொள்வனவு செய்யமாட்டார்கள், தங்கச்சியின் காசுக்கும் பங்கு என்று ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு காரணத்தைப் பெயர் சொல்லிச் சொல்ல முடிந்தால் பதியுங்கள். "கார்டில பிறைவேட் லிமிட்டட் எண்டு இருந்தா ஒரு கெத்து" என்பது காரணம் என்றால், வியாபாரப் பெயர்ப் பதிவோடு இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள் தம்பி. கேக்கின் ருசி மாறாது.

ஏஜென்டிடமே போவது என்று முடிவு எடுத்தவர்களும் இருப்பீர்கள். நேரம் இல்லை, ஆங்கிலம் ஓடாது, பங்குக்காரர் நாலு நாட்டில் இருக்கிறார்கள் என்றால் அதுவும் நியாயமான முடிவுதான். ஆனால் கணக்குத் திறக்கிற ஈமெயிலும் ஃபோன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். பதிவு முகவரி உங்கள் வீடோ கடையோ ஆகட்டும், களுவாஞ்சிகுடி மாதிரி எங்கள் பக்கத்து ஊர்களுக்கும் கடிதம் வரும். கம்பனி பதிந்தாயிற்று என்று, பதிந்த 30 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டிய பொது அறிவித்தல் அவருடைய விலையில் சேர்த்தியா, இரண்டாம் வருடம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் வருட விலையைச் சொல்லத் தயங்குகிறவரிடம் முதலாம் வருடக் காசைக் கொடுக்காதீர்கள்.

பழைய கம்பனி இன்னும் மூடி முடியவில்லை. கூட்டாளி அடுத்த மாதம் லீவில் வருகிறான், இரண்டு கையெழுத்து மிச்சம்.

மருமகள் இப்போது தெரிந்தவர்களுக்குப் பதிந்து கொடுக்கிறாள், ஒரு கம்பனிக்கு 15 ஆயிரம். அப்ப நீயும் ஏஜென்ட்தானே என்று கேட்டேன். "ஓம் மாமா, ஆனா நான் பிடிஎஃப் அனுப்பிறல்ல. முன்னுக்கு இருத்தி வாசிக்க வைப்பன்" என்கிறாள். போன மாதம் வந்த ஒருவர் பாதியில் தூங்கிவிட்டாராம். எழுப்பி மறுகா முதல் பக்கத்தில் இருந்து தொடங்கினாளாம்.