வரிசையில் வந்தவர்கள்

"நாங்கள் வரிசையில் நின்று முறைப்படி வந்தவர்கள்." அமெரிக்காவில் நம்மவர்கள் கூடும் விருந்துகளில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ, கணக்கே இல்லை. போன மாதம் என் வகுப்பில், பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பையன் ஒருவன் அப்படியே சொன்னான். வீட்டில் கேட்டதுதானே வாயில் வரும்!

நான் மறுத்துப் பேசவில்லை. இரண்டு தீர்ப்புகளை அச்செடுத்துக் கொடுத்தேன். அன்றைய சட்டப்படி வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். 1922 நவம்பரில் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியரிடம், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், நீங்கள் அதில் வரமாட்டீர்கள் என்றது உச்ச நீதிமன்றம். மூன்றே மாதத்தில் பகத் சிங் திண்ட் வழக்கு. அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபி அவர். இனவியல் நூல்களின்படி நான் காக்கேசியன்தான் என்றார். நூல் கிடக்கட்டும், சாமானியன் உங்களை வெள்ளையராக ஒப்புக்கொள்ள மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லண்ட்.

"இது போங்கு ஆட்டம்" என்று வகுப்பே கத்தியது. அப்புறம்தான் ஒரு கறுப்பின மாணவி கை தூக்கினாள். "இவர் இந்த விதியே தவறு என்று சொல்லவில்லையே? நான் உயர்சாதி, ஆரியன், என்னை உள்ளே விடுங்கள் என்றுதானே கேட்கிறார்?" இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். சாதியை நான் எடுத்துச் சொல்லாமலே ஒரு பிள்ளை கண்டுபிடித்தது அன்றுதான். சமூக நீதி என்று தலைப்புப் போட்டு நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

இந்தியர்களுக்குக் குடியுரிமை 1946இல் கிடைத்தது, கூடவே வருடத்துக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடும். அந்த முறையை மாற்றிய 1965ஆம் ஆண்டுச் சட்டம், கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய அதே காலத்தில் வந்தது. நம் விருந்துப் பேச்சில் இது மட்டும் வருவதே இல்லை.

ஒன்றை நான் நிறுத்திவிட்டேன். "உங்கள் குடும்பம் இங்கே எப்படி வந்தது?" என்று கட்டுரை எழுதச் சொல்வது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி வெறும் தாளைக் கொடுத்தாள். குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982இல், பிளைலர் வழக்கில், 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. அப்படியொரு பிள்ளை என் வகுப்பிலும் இருக்கலாம். இது தெரிந்தும் அந்தக் கட்டுரையை எழுதச் சொன்னேனே, என்ன ஆசிரியர் நான்?

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். மணி அடித்த பிறகும் அவன் போகவில்லை. அவன் அப்பா கிரீன் கார்டுக்காக, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக, பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார். வருடாந்தர கிரீன் கார்டு ஒதுக்கீட்டில் எந்த நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது விதி. இந்தியர்களுக்கு நீளும் வரிசை அது.

"எனக்கு 21 வயது ஆகிவிட்டால் அப்பாவோடு அந்த வரிசையில் நான் இருக்க முடியாதாமே, உண்மையா?"

பெரும்பாலும் அப்படித்தான் என்றேன். பையை மாட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனான்.