திறக்க ஜன்னல் இல்லாத நூலகம்

போன கத்திரியில் நம்ம புதுச்சேரி வாசகசாலை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். எது என்று கேட்காதீர்கள். தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்குப் பார்த்து. மதியம் மூன்று மணிக்குத் திரையை இழுத்துவிட்டு டியூப்லைட்டைப் போட்டிருந்தார்கள். கரண்ட் போனது, ஏசியும் நின்றது. ஜன்னலைத் திறக்க எழுந்த பெரியவர், திறக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை என்று கண்டு, கையிலிருந்த பேப்பரை நாலாக மடித்து விசிற ஆரம்பித்தார்.

இத்தனைக்கும் 1827லேயே பொது நூலகம் கண்ட ஊர் இது. அதைவிட எரிச்சல், இதே ஊரில் கோல்கோண்ட் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் பணம் வந்ததால் கோல்கொண்டாவின் பிரெஞ்சுப் பெயர். 1937ல் வேலை தொடங்கியது. வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட், கூட நின்று கட்டியவர்கள் ஜார்ஜ் நகாஷிமாவும் ஃப்ரான்டிஷெக் சாமரும். கான்கிரீட் கட்டடம்தான், ஆனால் அறைகளுக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை அகலமான சாய்பலகைகள். திருப்பினால் காற்று வரும், இன்னும் திருப்பினால் மழைச்சாரல் நிற்கும். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவு. மூடினாலும் காற்று உள்ளே வரும், ஆள் தெரியாது. கூரையும் இரட்டை: தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று. வெயில் முதல் அடுக்கோடு சரி. (அந்தச் சாய்பலகைகள் அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். இன்றைக்கு அதை மட்டும் காப்பியடிக்க வேண்டாம்.)

விடுதிக்குப் பொருந்தியது நூலகத்துக்குப் பொருந்துமா என்பார்கள். ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1935ல் முடித்த, வீபுரி நகரத்து நூலகத்தைப் பாருங்கள். அந்த ஊர் அப்போது ஃபின்லாந்து, இப்போது ரஷ்யா. வாசிப்புக்கூடத்தின் கூரையில் 57 வட்டத் திறப்புகள். நேர்வெயில் உள்ளே இறங்காத ஆழம். வெளிச்சம் பல பக்கமிருந்தும் பரவி விழுவதால் படிக்கிறவரின் தலைநிழல் புத்தகத்தின் மேல் விழாது. குளிர்நாட்டுக்காரர் வெளிச்சத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டார். நமக்கு வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, உடைத்துக்கொள்ள வேண்டியது வெயிலுக்காகவும் காற்றுக்காகவும். நாமோ கண்ணாடியை ஒட்டிவிட்டுத் திரையை இழுக்கிறோம்.

பட்ஜெட் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கண்ணாடியும் ஏசியும் இலவசமாகவா வந்தன?

அடுத்த நூலகத்துக்கு வரைபடம் போடுகிறவர், மே மாதத்தில் ஒரு மதியம் அந்தக் கண்ணாடி வாசகசாலையில் ஏசியை நிறுத்திவிட்டு, பத்துப் பக்கம் படித்துக் காட்டட்டும். விசிறிக்கொள்ள பேப்பர் நான் தருகிறேன்.