தேக்குத் தூணை நேராக மண்ணில் நடுவது பற்றி

தோட்டத்தில் மர டெக் (தூண்கள் மேல் பலகை பரப்பிய தளம்) போடத் தேக்கு வாங்கினால் மருந்தே வேண்டாம், கரையான் தொடாது, தூண்களை நேராக மண்ணில் நட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பாதி சரிதான். கரையானையும் மக்குதலையும் தாங்குவது தேக்கின் உள்ளே இருக்கும் வைரப் பகுதி. அதைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதிக்கு அந்தத் திறன் கிடையாது. ஈர மண்ணில் அதைக் கரையான் தாராளமாகத் தின்னும். பயிராக வளர்த்து இளம் வயதில் வெட்டிய தேக்கில் இந்த வெளுப்பு நிறையவே இருக்கும்.

சரிபார்ப்பது சுலபம். மரக்கடையில் கட்டையின் அறுத்த முனையைப் பாருங்கள். பொன் பழுப்பாக இருப்பது வைரம், ஓரத்தில் வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரிவது அந்த வெளுத்த பகுதி. முனையில் சாயம் பூசியிருந்தால் கொஞ்சம் சீவிக் காட்டச் சொல்லுங்கள். (தயங்கினால் அதுவே ஒரு பதில்.)

எழுத்தில் வேண்டுமென்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 401 ஆவணத்தில் மரங்களின் ஆயுள் வகைப்பாடு இருக்கிறது. மண்ணில் பாதி புதைத்த கட்டைகளை வைத்துச் செய்த சோதனைதான் அதற்கு அடிப்படை. தேக்கு முதல் வகுப்பு, ஆனால் அது வைரப் பகுதிக்கு மட்டும். முதல் வகுப்பு என்றால் சராசரி ஆயுள் 120 மாதமோ அதற்கு மேலோ. காலத்துக்கும் நிற்கும் என்று அர்த்தமில்லை.

அதனால் தூணைத் தரைக்கு மேலே எழுப்பிய கான்கிரீட் பீடத்தில், இரும்புத் தாங்கி வைத்து நிறுத்துங்கள்.