மீனவர் பேச்சுவார்த்தைக்கு முழுநேர ஆணையம் வேண்டும்

ராமேஸ்வரம் படகு பிடிபட்டதாகச் செய்தி வந்தால் டெல்லித் தமிழர்கள் நாம் கேட்பது ஒன்றுதான்: "இலங்கையோடு பேசுங்கள்." பேசுவதற்கென்று ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2016 நவம்பர் 5-ல் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் மீன்வளத்தைக் கவனிக்கும் அமைச்சர்களும் இதே டெல்லியில் கூடி, மீன்வளக் கூட்டுப் பணிக்குழுவை அமைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்று அறிவித்தார்கள். முதல் கூட்டம் அந்த டிசம்பர் 31-ல் நடந்தது. நான்காவது 2020 டிசம்பரில். ஐந்தாவது 2022 மார்ச்சில். ஆறாவது 2024 அக்டோபரில், கொழும்பில். முப்பது முறை கூடியிருக்க வேண்டிய காலத்தில் ஆறே முறை.

யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்து இப்படி ஆகவில்லை. அந்தக் குழுவுக்கென்று முழுநேர ஆள் கிடையாது. இழுவைப் படகுகளை மாற்றும் திட்டம் மீன்வளத் துறையிடம், இலங்கை விவகாரம் வெளியுறவுத் துறையிடம், கடலோரக் காவல்படை பாதுகாப்புத் துறையிடம், படகுப் பதிவு சென்னையிடம். இத்தனை பேருக்கும் ஒரே தேதி ஒத்துவர வேண்டும், பிறகு கொழும்புக்கும் ஒத்துவர வேண்டும். நடுவில் ஒரு தேர்தல் வந்தால் ஃபைல் அப்படியே நிற்கும். தள்ளிப்போன கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட 1960 சிந்து நதிநீர் ஒப்பந்தத்தின் 8-வது பிரிவை எடுத்துப் படியுங்கள். இரு நாட்டுக்கும் தலா ஒரு ஆணையர், அவர் நீரியல் தெரிந்த மூத்த பொறியாளராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, மாறி மாறி இரு நாட்டிலும் கூட வேண்டும். மார்ச் 31-ல் முடியும் ஆண்டுக்கான அறிக்கை ஜூன் 1-க்குள் இரு அரசுகளின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். இப்படித் தேதி போட்டு எழுதியதால்தான் 1965, 1971 போர்களையும் தாண்டி அந்த ஆணையம் நிலைத்தது. 2022 மே மாதம் டெல்லியில் நடந்தது அதன் 118-வது கூட்டம். 2025 ஏப்ரலில் இந்தியா அந்த ஒப்பந்தத்தையே நிறுத்திவைத்துவிட்டது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாகிஸ்தானோடு அறுபது ஆண்டுக்கு மேல் முடிந்த ஒன்று, இலங்கையோடு ஏன் முடியாது?

பாக் நீரிணைக்கு அப்படி ஓர் ஆணையம் வந்தால் முதல் வேலை என்ன? சேதத்தின் கணக்கு எடுப்பது. எல்லை தாண்டிப் போகும் நம் படகின் இழுவை வலை, இரும்புப் பூண் போட்ட பலகை, அடியில் சங்கிலி, பின்னால் மீன் சேரும் மடி என்று கடல் தரையை உரசிக்கொண்டே போகும். யாழ்ப்பாணத்து ஃபைபர் படகுக்காரர் மாலையில் விரித்துவிட்டு வந்த வலை அதில் சிக்கினால் காலையில் வெறும் கந்தல்தான் மிஞ்சும். இருட்டில் எந்தப் படகு என்று தெரியாது, பதிவெண் இல்லாமல் புகார் நிற்காது. நம் விசைப்படகுகளில், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தி வருகிறார்கள். அந்த இரவின் தடத்தை இரு ஆணையர்களும் சேர்ந்து பார்த்தால் ஒரே நாளில் விடை கிடைக்கும், இழப்பீட்டுக்கும் வழி பிறக்கும். இன்றைக்கு அப்படிச் சேர்ந்து பார்க்க இடமே இல்லை.

நம் பக்கத்துக் கணக்கும் வேண்டும். இழுவைப் படகை விட்டு ஆழ்கடலுக்கு மாற 2017-ல் வந்த திட்டத்தில் படகின் விலை 80 லட்சம்: மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. மூன்று ஆண்டில் 2,000 படகு என்றார்கள், அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒருநாள் தொழிலுக்குப் பழகியவர் வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும். தூண்டில், செவுள் வலை எல்லாம் புதிதாகக் கற்க வேண்டும். பெரிய படகு நிற்கப் பாக் நீரிணையில் ஆழம் போதாது, மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூருக்குத்தான் போக வேண்டும். எத்தனை இழுவைப் படகு தொழிலைவிட்டு விலகியது என்று இலங்கை மீனவர் முன்னால் எண்ணிக் காட்ட ஆள் இருந்திருந்தால், இரு நாட்டு மீனவர்களும் 2015-ல் சென்னையில் நடத்திய பேச்சு வீணாகியிருக்காது. இழுவையை நிறுத்த மூன்று ஆண்டு அவகாசம், அதுவரை இலங்கைக் கடலில் மீன்பிடிக்க ஆண்டுக்கு 83 நாள் என்று அன்றைக்கு நம் மீனவர்கள் கேட்டார்கள். அவகாசம் முடிந்ததும் நிறுத்துவார்களா என்ற எதிர்த்தரப்பின் சந்தேகத்துக்கு யாரிடமும் பதில் இல்லை.

இன்னொன்று, மொழி. ராமேஸ்வரமும் மன்னாரும் பேசுவது தமிழ். கூட்டறிக்கை வருவதோ ஆங்கிலத்தில். "இழுவை மடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருதல்" என்பதில் அந்த "விரைவில்" எத்தனை மாதம் என்று இரு கரையிலும் ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். ஆணையக் கூட்டத்தின் மினிட்ஸ் தமிழிலும் சிங்களத்திலும் ஏழு நாளைக்குள் வெளிவர வேண்டும் என்பதை அதை அமைக்கும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

டெல்லி பாரகம்பா சாலை சாப்ரு ஹவுஸில் அண்டை நாடுகளைப் பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன, நடக்கட்டும். அங்கே பேசுகிறவர் கிழிந்த வலைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்ல ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓர் அலுவலகம், யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகம், கடல் தெரிந்த இரண்டு முழுநேர ஆணையர்கள் வேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அடுத்த முறை நாடாளுமன்றத்தில் "எத்தனை பேரை மீட்டீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், "கூட்டுப் பணிக்குழுவின் அடுத்த கூட்டம் எந்தத் தேதியில்" என்றும் கேட்க வேண்டும்.